பத்தொன்பதாம் படி

சூடு பொறுக்குதா டீச்சர்? இல்லையென்றால் சொல்லிடுங்க, இன்னொரு துண்டை மடித்து அடியில் கொடுக்கிறேன். ஆறு மடிப்பு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துட்டாங்க. எடுத்துப் பார்த்தால் முதுகு தக்காளிப் பழம் மாதிரி கிடக்கு. "ஏம்மா, ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா?" என்றால், "நல்லாச் சுட்டாத்தான் ஆத்தா வலி நல்லாக் கேக்கும்" என்கிறாங்க. தோசையா ஊத்துறோம் இங்கே?

சிரிக்காதீங்க, மூட்டை நழுவுது. இருபது நிமிஷம் இப்படியே அசையாமல் உட்காரணும். மண் மூட்டை என்றுதான் இந்தப் பிசியோதெரபி கிளினிக்கில் எல்லாரும் சொல்வாங்க. உள்ளே களிமண் மாதிரி ஒன்றை வைத்துத் தைத்திருக்கு. அந்தத் தொட்டியில், சுடுதண்ணிக்குள்ளே கிடந்து சூட்டைக் குடித்துக்கொள்ளும். நான் இடுக்கியால் எடுத்து, தண்ணியை வடித்து, துண்டில் சுற்றி, வலிக்கிற இடத்தில் போடுவேன். டைமர் அடித்ததும் எடுப்பேன். அப்புறம் கூட்டிக்கொண்டு போய் சுவரில் இருக்கிற அந்த விரல் ஏணி முன்னால் நிறுத்துவேன். இப்போ என் வேலை அவ்வளவுதான். முன்னே கார்டு எழுதுவதும் நான்தான். யாருக்கு எத்தனை படி, யாருக்கு வலி எவ்வளவு, எல்லாம் என் கையெழுத்துதான். இப்போ ஜெபராஜ் சார் அவரே எழுதிக்கொள்கிறார்.

ஏன் என்று நீங்க கேட்க மாட்டீங்க. அடுத்தவங்க விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லை நீங்க. ஆனால் நான் சொல்லணும். ஏனென்றால் நேற்று நீங்க ஏணியில் விரல் வைத்து ஏறினீங்களே, அப்போ உடம்பை இடது பக்கம் சாய்ச்சீங்க. சார் போனில் இருந்தார். நான் பார்த்தேன். அப்புறம் சார் வந்து, "வலி பத்துக்கு எத்தனை டீச்சர்?" என்றதும், "நாலு சார்" என்றீங்க. முந்தாநாள் ஏழு சொன்ன வாய் அது. ஒரே நாளில் மூன்று இறங்கிவிட்டதா? உங்க முகத்தில் நாலு இல்லை டீச்சர். நாலு வருஷமா இங்கே வலி பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

பயந்துடாதீங்க. உங்களுக்கு ஒன்றும் இருக்காது. போர்டில் எழுதி எழுதி வருகிற வலி. வாத்தியார் வேலை பார்க்கிறவங்க எல்லாருக்கும் வருவதுதான்.

நான் சொல்ல வந்தது ஆவுடையக்கா கதையை.

கடலைமிட்டாய்க் கம்பெனியில் கட்டை உருட்டுகிற வேலை அவங்களுக்கு. நம்ம கோவில்பட்டியில் கடலைமிட்டாய் சாப்பிடாத ஆள் உண்டா? ஆனால் அது எப்படி அவ்வளவு மட்டமா, ஒரே கனத்தில் வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பாகு காய்ச்சி, கடலையைக் கொட்டிக் கிளறி, கொதிக்கக் கொதிக்கப் பலகையில் ஊத்துவாங்க. அது ஆறுவதற்குள் கட்டையை வைத்து உருட்டி மட்டமாக்கிவிடணும். ஆறிப்போச்சா, கல்லு. ஆவுடையக்கா இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டையை உருட்டியிருக்காங்க. வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள், பொன்மாரி, காலேஜ் ரெண்டாம் வருஷம்.

சித்திரை மாசம் முதல் வாரம் வந்தாங்க. வலது தோள். கையைத் தூக்க முடியவில்லை, கொண்டை போட முடியவில்லை. சார் பார்த்துவிட்டு, தோள் இறுகியிருக்கு, பழக்கணும் என்றார். ஆவுடையக்காவுக்கு ஒரே கவலைதான். மேஸ்திரி சொல்லிவிட்டாராம், வைகாசி முடிகிறதுக்குள் தோள் சரியாகலைன்னா கட்டையை வேற ஆளுக்குக் கொடுத்திருவேன், நீ போய்ப் பாக்கெட் ஒட்டு என்று.

"பாக்கெட் ஒட்டுறது பச்சப்பிள்ளை வேலைட்டி சங்கரி. நான் கட்டை புடிச்ச கை" என்பாங்க.

"கவலைப்படாதீங்கக்கா. கட்டை உருட்டுறவங்க எல்லாருக்கும் வர்ற வலிதான் இது. ஒரு மாசத்துல கட்டையென்ன, அந்த மேஸ்திரியையே உருட்டலாம்" என்றேன்.

என்ன சிரிப்பு சிரிச்சாங்க தெரியுமா. அன்றையிலிருந்து நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான். தினமும் ஒரு காகிதப் பொட்டலத்தில் உடைசல் மிட்டாய் கொண்டுவருவாங்க, என் மகள் கனிஷ்காவுக்கு. "பிள்ளைக்குக் கொடு, நீ தின்னுராதே. உனக்கு ஏற்கெனவே வாய் ஓயலை" என்பாங்க. உண்மையில் பாதியை நான்தான் தின்பேன்.

ஏணியைப் பார்த்தீங்களா? சுவரில் அடித்த பலகை, அதில் வெட்டி வெட்டி இருபத்தைந்து படி. ரெண்டு விரலைப் பல்லி மாதிரி மேலே மேலே வைத்து ஏற்றணும். ஏறின இடத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டுப் பேரில் முதல் எழுத்தை எழுதுவேன். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டணும். தாண்டினால் கைதட்டு. அது நான் கொண்டுவந்த பழக்கம் டீச்சர். ஒருத்தர் ஒரு படி கூட ஏறினால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தட்டணும். பால்கார அண்ணாச்சி ஒருத்தர் வருவாரே, பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், அவர் எப்படித் தட்டுவார்? நல்ல கையால் தொடையில் ஒரு அடி போடுவார். எல்லார் சத்தத்தையும்விட அது பெரிய சத்தம். அழுதுகொண்டு வருகிறவங்ககூட அந்தக் கைதட்டுக்காக ஒரு படி ஏறுவாங்க. நிஜமாகவே ஏறுவாங்க. அதை நீங்க நம்பணும்.

இப்போ கைதட்டு கிடையாது. சார் நிறுத்திவிட்டார்.

இன்னும் அஞ்சு நிமிஷம்தான் டீச்சர். அஞ்சே நிமிஷம்.

சார் ஒரு முறை வைத்திருக்கார். பத்து நாளுக்கு ஒரு தடவை கார்டைப் பார்ப்பார். பத்து நாளில் ஏணியில் ரெண்டு படியாவது ஏறியிருக்கணும். ஏறவில்லை என்றால், "இது வெறும் தோள் வலி இல்லை, படம் எடுத்துட்டு வாங்க" என்று திருநெல்வேலி பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். அவ்வளவு கூட்டத்தில் ஒவ்வொருத்தரையும் அவரே நிறுத்தி அளக்க முடியுமா? கார்டை நம்புவார். கார்டு என்றால் நான்.

ஆவுடையக்கா முதல் நாள் பதினாலாம் படி. இரண்டாம் நாள் பதினாலு. ஒன்பதாம் நாளும் பதினாலு. பத்தாம் நாள் காலையில் ஏணி முன்னால் நின்று கையை வைத்தாங்க. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. அதற்கு மேலே போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாங்க. கண்ணில் தண்ணி.

"ஏற மாட்டேங்குதேட்டி. இந்தக் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதே."

பெஞ்சில் எல்லாரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காங்க, தட்டுவதற்கு. அண்ணாச்சி கூட. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? "அக்கா, லேசா அந்தப் பக்கம் சாஞ்சுக்கோங்க. குதிகாலை ஒரு பொட்டுத் தூக்குங்க" என்றேன். சாஞ்சாங்க. பதினஞ்சு, பதினாறு, பதினேழு! ஒரே கைதட்டு. அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும். நான் கோடு போட்டேன், 'ஆ' என்று எழுதினேன், கார்டில் பதினேழு என்று எழுதினேன்.

உடம்பைச் சாய்த்தால் கை தானாக மேலே போகும். அது கை ஏறினதாகாது, இடுப்பு ஏறினது. எனக்குத் தெரியாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சார் சொல்லிக் கொடுத்தது அதுதான். "சங்கரேஸ்வரி, இங்க எல்லாருமே ஏமாத்துவாங்க. சாய்வாங்க, எக்குவாங்க, மூச்சைப் புடிப்பாங்க. நீ நேரா நிறுத்து." எனக்குத் தெரியும். ஆனால் டீச்சர், நீங்க முப்பத்துநாலு எடுத்த பிள்ளைக்கு முப்பத்தஞ்சு போட்டதே இல்லையா? ஒரு மார்க்கில் பாஸ் என்றால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை நாற்பது எடுக்காதா? போட்டிருப்பீங்க. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் எனக்கு அப்படிப் போட்டாங்க, அதனால்தான் பன்னிரண்டு முடித்தேன், இந்த வேலையும் கிடைத்தது. சந்தோஷத்தில் ஆள் ஏறும் டீச்சர். அதுதான் என் நினைப்பு.

சார் கார்டைப் பார்த்தார். "பதினாலு, பதினேழு. நல்லா வருது. இன்னும் பத்து நாள் பாப்போம்" என்றார்.

அந்த இரண்டாவது பத்து நாளில் ஆவுடையக்காவும் நானும் அக்கா தங்கச்சி மாதிரி ஆகிவிட்டோம். மூட்டை போட்டுவிட்டு, இதோ உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி, அவங்க முன்னால் உட்கார்ந்து பேசுவேன். கேட்பாங்க, "மஸ்கட்டுல இருந்து போன் வந்துச்சா?" என்று. என் வீட்டுக்காரர் அங்கே ஏ.சி. மாட்டுகிற வேலையில் இருக்கார். "நேத்துக்கூட வந்துச்சுக்கா" என்பேன். நேற்று என்றால் சரியாக நேற்று இல்லை. பங்குனி மாசம் வந்தது. அங்கே சிக்னல் சரியில்லை, வேலையும் ஜாஸ்தி. முதலில் பொங்கலுக்கு வருகிறேன் என்றார். அப்புறம் சித்திரைக்கு. இப்போ தீபாவளிக்கு வருகிறாராம், அவர் தங்கச்சியிடம் சொல்லியிருக்கார். கொஞ்சம் கொஞ்சமா நெருங்கிட்டுத்தானே இருக்கு? கனிஷ்காவிடம் பத்து தூக்கம் என்று சொல்லியிருக்கிறேன். பத்து தடவை தூங்கி எழுந்தால் அப்பா. போன மாசமும் பத்து என்றுதான் சொன்னேன், பிள்ளைக்கு இன்னும் எண்ணத் தெரியாது. விடுங்க, அது வேற கதை.

ஆவுடையக்கா மெலிஞ்சுட்டே வந்தாங்க. ரவிக்கை தோளில் தொளதொள என்று கிடக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, சொன்னாத்தானே தெரியும், என்ன மருந்து சாப்பிடுறீங்க? எனக்கும் கொஞ்சம் கொடுங்க, இந்த வயிறு குறைய மாட்டேங்குது" என்றேன். சிரிச்சாங்க. வலது கண் இமை லேசா இறங்கியிருந்தது. பாதி தூக்கத்தில் இருக்கிற மாதிரி. "என்னக்கா ஒத்தைக் கண்ணுக்கு மட்டும் தூக்கம் வருது?" என்று கேட்டேன். அதற்கும் சிரிச்சாங்க. ஒரு நாள் மிட்டாய்ப் பொட்டலம் கையிலிருந்து கீழே விழுந்து எல்லாம் சிதறிப்போச்சு. "சுண்டுவிரல் மரத்துப்போச்சுட்டி" என்றாங்க. நான் உட்கார்ந்து பொறுக்கினேன். பொறுக்கினதைக் கழுவி நானே தின்றேன், வீணாக்கக் கூடாது இல்லையா.

அதெல்லாம் சாரிடம் சொல்லணும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் என்ன டாக்டரா? எனக்குத் தெரிந்தது மூட்டை, ஏணி, கைதட்டு.

இருபதாம் நாள் பத்தொன்பதாம் படி. எப்படி ஏறினாங்க என்று கேட்காதீங்க. வில் மாதிரி வளைந்து ஏறினாங்க. பெஞ்சே அதிர்ந்தது அன்றைக்கு. சார் பார்த்துவிட்டு, "வெரிகுட்" என்று கார்டில் அவர் கையால் எழுதினார். சார் அப்படி யாருக்கும் எழுதுவதில்லை.

என்ன, டைமரைப் பார்க்கிறீங்க? அஞ்சு நிமிஷம் என்று முன்னமே சொன்னேனா? சரி, அது அப்போ சொன்ன அஞ்சு. இது நிஜ அஞ்சு.

இருபத்தாறாம் நாள் பொன்மாரியும் கூட வந்தது. அதற்கு முன்னே அது வந்ததே இல்லை, காலேஜ் இருக்கும். அன்றைக்கு ஏதோ லீவு. ஆவுடையக்கா மூட்டைக்கு உட்கார்ந்திருக்கும்போது அது நேரா சார் மேஜைக்குப் போச்சு. தணிந்த குரலில்தான் பேசுது, ஆனால் எல்லாருக்கும் கேட்குது.

"சார், அம்மா ராத்திரி படுக்கிறதே இல்லை. செவுத்துல சாஞ்சு உக்காந்தே கெடக்கா. கையைப் புடிச்சுக்கிட்டு முனங்குறா. கேட்டா, 'ஏணியில நல்லா ஏறுறேன், சரியாயிரும்'னு சொல்றா. நெசமாவே ஏறுறாளா சார்?"

சார் கார்டை எடுத்தார். பார்த்தார். எழுந்து வந்தார். மூட்டையை அவரே எடுத்து வைத்தார். "வாங்க" என்று ஏணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். சார் ஒரு கையை ஆவுடையக்கா இடது தோளில் வைத்தார், அழுத்தி, அசைய முடியாதபடி. இன்னொரு கையை இடுப்பில். "குதிகால் தரையில இருக்கணும். இப்ப ஏத்துங்க."

ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் விரல் நின்றது. முதல் நாள் பதினாலு டீச்சர். அதைவிட ரெண்டு கீழே.

அப்போ பார்த்து அந்தப் பால்கார அண்ணாச்சி. அவருக்கு என்ன தெரியும் பாவம், விரல் நின்றால் கைதட்டு என்று பழக்கிவைத்தது நான்தானே. தொடையில் ஓங்கி ஒரு அடி. டப் என்று. வேறு யாரும் தட்டவில்லை. அந்த ஒரு சத்தம் மட்டும் சுவரில் போய் முட்டித் திரும்புது.

"யாரும் கைதட்ட வேணாம்" என்றார் சார். மெதுவாகத்தான் சொன்னார்.

அப்புறம் அவங்க கண்ணை விளக்கு வைத்துப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாகக் கிடந்தது. அந்தக் கையை இருபத்தாறு நாள் நானும்தான் பிடித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்.

தோளில் ஒன்றும் இல்லையாம் டீச்சர். நெஞ்சுக்கூட்டுக்குள்ளே, நுரையீரலின் மேல் நுனியில் கட்டி. அது மேலே வளர்ந்து கைக்குப் போகிற நரம்பை அமுக்கியிருக்கு. புகை பிடித்த ஆளா, பீடி பிடித்த ஆளா? பாகு அடுப்புப் பக்கம் நின்றதோடு சரி. நான் அதுக்கு மேலே இருபத்தாறு நாள் சூட்டைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

சார் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், விட்டிருக்கும். மறுநாள் வந்து பார்த்தால் கார்டுக் கட்டு என் மேஜையில் இல்லை, சார் மேஜையில் இருக்கு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஏன், அவருக்கும் கண் இல்லையா? "வெரிகுட்" என்று எழுதினாரே, எழுதும்போது தலையைத் தூக்கி ஒரு தடவை அந்த அம்மாவைப் பார்த்திருக்கலாம் இல்லையா? மகள் வீட்டில் இருந்தது, அது ஒரு வாரம் முன்னே வந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? எல்லாரையும் விட்டுவிட்டு என் கார்டுதான் கண்ணில் பட்டது.

ஒரு நாள் மட்டும் நான் கேட்டேன். "சார், பத்தாம் நாளே அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பாங்களா?" சார் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். "சொல்ல முடியாது சங்கரேஸ்வரி" என்றார்.

பத்தாம் நாளுக்கும் இருபத்தாறாம் நாளுக்கும் நடுவே பதினாறு நாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால் பதினெட்டு. அந்தப் பதினெட்டு நாளில் என்ன ஆகிவிடும் டீச்சர்? ஒரு கட்டி அதற்குள் எவ்வளவு வளர்ந்துவிடும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

சரி, சொல்ல வேண்டாம். அசையாதீங்க.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி, ஓட்டு வீடு. கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டுட்டேன். கட்டிலில் படுக்கவில்லை, தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாங்க. முடியெல்லாம் போய்விட்டது. கொண்டை போட முடியவில்லை என்று வந்த ஆள். பொன்மாரி டீ போடப் போச்சு.

"வந்தியா? பிள்ளை எங்கே?"

"பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்க்கா. உங்களைக் கேட்டுச்சு, மிட்டாய் அத்தை எங்கேன்னு."

"இனிமே கடையில வாங்கிக் கொடு" என்றாங்க.

வாய் இருக்கே, அது சும்மா இருக்குமா? "சரியாயிரும்க்கா. மருந்து முடிஞ்சதும் வந்துருங்க. நீங்க பத்தொம்பதுல நிக்கிறீங்க, விட்ட இடத்துல இருந்து ஏறிக்கிடலாம்" என்றேன்.

என்னையே பார்த்தாங்க. அந்த இறங்கின இமைக்குள்ளே இருந்து. அப்புறம் சிரிச்சாங்க. பழைய சிரிப்பு இல்லை, காற்று மட்டும்தான் வந்தது.

"ஏட்டி, என் கை எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அது ஒரு நாளும் பதினாலைத் தாண்டலை."

அப்புறம் கேட்டேன், "தெரிஞ்சும் ஏன்க்கா சாஞ்சீங்க?"

"முத தடவை நீ சாயச் சொன்னே, சாஞ்சேன். கட்டையைப் புடுங்கிருவானேங்கிற பயமும் இருந்துச்சு. ஆனா பெறகு சாஞ்சதெல்லாம் உனக்காகத்தான்."

"எனக்கா?"

"போன் வரலைன்னா ஒரு மூஞ்சி வச்சிருப்பியே, அதோடதான் தெனமும் வருவே. வாய் மட்டும் சிரிக்கும். நான் ஒரு படி ஏறுனா மட்டும் உன் கண்ணு சிரிக்கும்ட்டி. சரி, இந்தப் பிள்ளைக்கு நம்மால முடிஞ்சது இதுதானேன்னு சாஞ்சேன். ராத்திரி வலியையும் அதுனாலதான் உங்கிட்ட சொல்லலை."

கேட்டீங்களா டீச்சர்? வாடின மூஞ்சியோடு வந்தேனாம். நான்! நீங்களே சொல்லுங்க, மூணு வாரமா வர்றீங்க, ஒரு நாளாவது நான் வாடிப் பார்த்திருக்கீங்களா? எப்பவும் சிரிச்ச முகம்தானே எனக்கு? உடம்பு முடியாதவங்க, என்னமோ நினைச்சிருக்காங்க. மருந்து வேகம். டீயைக் குடிச்சேன். சீனி போட மறந்துட்டுது போல பொன்மாரி. அப்படியே குடிச்சேன்.

கிளம்பும்போது அந்தக் கையால், வற்றின கையால், என் முந்தானையைப் பிடிச்சாங்க. பிடி இல்லை, துணியில் விரல் பட்டதோடு சரி.

"ஒண்ணு செய்யி சங்கரி. அந்தச் செவுத்துல எம்பேரு போட்டுக் கோடு கிழிச்சியே, பத்தொம்பதுல, அதை அழிச்சிரு. என்னைக்காவது பொன்மாரி அங்க வந்துச்சுன்னா, எங்கம்மா இம்புட்டு ஒசரம் ஏறினாளான்னு பார்த்துக்கிட்டு நிக்கும். வேணாம். அழிச்சிரு."

"சரிக்கா" என்றேன். நாளைக்கே அழிச்சிடுறேன் என்றேன்.

ஆவணி கடைசியில் போய்ச் சேர்ந்துட்டாங்க. கம்பெனியில் அரை நாள் லீவு விட்டாங்களாம். மேஸ்திரி வந்து அழுதார் என்று சொன்னாங்க. நான் போனேன், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பொன்மாரி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அழுகையில் திரும்பினதா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பினதா, எனக்குத் தெரியவில்லை. அழுகையாகத்தான் இருக்கும்.

கோட்டை இன்னும் அழிக்கவில்லை டீச்சர். இங்கே வந்து போனவங்க எல்லார் கோட்டையும் ஈரத் துணி வைத்துத் துடைத்துவிடுவேன். மாசக் கடைசியில் அது ஒரு வேலை. மூன்று மாசமா துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போவேன், மற்றதையெல்லாம் துடைப்பேன், பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்ததும் தொட்டியில் தண்ணி குறைந்துவிட்டதா என்று பார்க்க வந்துவிடுவேன். அவங்க கேட்ட ஒன்றே ஒன்று. செய்ய முடியவில்லை. அந்தக் கோடு இருக்கிறவரைக்கும் அவங்க ஒரு நாள் அவ்வளவு உயரம் ஏறினாங்க, எல்லாரும் கைதட்டினாங்க. அதுவும் நடந்ததுதானே?

அய்யோ, டைமர் எப்போ அடிச்சது? நீங்களாவது சொல்லக் கூடாதா? இருபதுக்குப் பதில் இருபத்தஞ்சு ஆயிருக்கு. காட்டுங்க, தோளைக் காட்டுங்க. சிவக்கவில்லை, தப்பிச்சேன். அழாதீங்க டீச்சர். நான்தான் சொன்னேனே, உங்களுக்கு ஒன்றும் இருக்காது என்று. இல்லை. அதையும் நான் சொல்லக் கூடாது. எனக்கு என்ன தெரியும்? சார் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். ராத்திரி வலி உண்டா, விரல் மரக்குதா, சேலை லூசாகுதா, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்க. எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்க. என் முகத்தைப் பார்க்காதீங்க.

வாங்க, ஏணிக்குப் போவோம். குதிகால் தரையில் இருக்கட்டும். நான் இடது தோளைப் பிடித்துக்கொள்கிறேன். அதோ, 'ஆ' என்று எழுதியிருக்கே, தெரியுதா? ஆவுடையக்கா உங்க உயரம்தான். இன்றைக்குப் பத்தில் நின்றால் பத்து. நான் என்ன சொன்னாலும் சாயாதீங்க. நேரா நின்று, சாயாமல், உங்க கை நிஜமாகவே அந்தப் பத்தொன்பதாம் படிக்குப் போகும் இல்லையா ஒரு நாள், அன்றைக்கு எனக்காக ஒன்று செய்யுங்க டீச்சர். உங்க பையில் ரப்பர் இருக்கும். அந்தக் கோட்டை நீங்க அழிச்சிருங்க.